பன்னிரண்டு ஷீட்டு

களவு போனது பன்னிரண்டு ஷீட்டு.
அப்படித்தான் சொன்னேன்.
பொன்மனைக்காரி வேறெப்படிச் சொல்லுவாள்?

ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டு
ராமநாதபுரத்துக்காரர்.
கருவேலங்காட்டைப் பார்த்து வளர்ந்த கண்.
பேனாவை உதறிக்கொண்டு கேட்டார்:
"எங்க கிடந்தது?"
"முற்றத்துக் கயிற்றுல சார், காயப் போட்டிருந்தேன்."
"என்ன கலரு?"
"முதல்ல வெள்ளை. காயக் காய தேன் நிறம்."
என்னை ஒருமாதிரி பார்த்தார்.
"வெயில்ல வெளுக்காம சிவக்குமா?"
"நல்ல ஷீட்டாக்கும் சார். புகை போட்டா இன்னும் சிவக்கும்."
தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.
எழுதியதை வாசித்துக் காட்டவில்லை.
சுசீலாபாய் என்று ஒப்பிட்டேன்,
மூன்று மணிக்கு எழுந்த கண்ணோடு.

எனக்கு அறுபத்திரண்டு மரம்.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஒவ்வொரு பட்டையிலும் சரிவாய் ஒரு வெட்டு,
கீழே ஒரு சிரட்டை.
வெயில் ஏறுமுன் பாலை எடுத்து
ஆசிட் விட்டு, உறைந்ததைக் கையால் அமுக்கி,
மெஷினில் ஓட்டி ஓட்டி மெலிந்து வரும்
வரிவரியாக ஒரு ஷீட்டு.
மழை பெய்தால் அதுவும் இல்லை.
அந்த ஆடியில் பன்னிரண்டு சேர்த்திருந்தேன்.
பன்னிரண்டு ஷீட்டை விற்று
ஒரு ஷீட்டு வாங்குவதாய் இருந்தது,
அடுக்களைக் கூரைக்கு, தகரத்தில்.

ஏழு மாதம் கழித்து சார்ஜ் ஷீட்டு வந்தது.
அந்த வாரம்தான் மகனுக்குப் பொதுப்பரீட்சை.
பையைத் திண்ணென்று போட்டுவிட்டுச் சொன்னான்:
"அம்மா, இன்னைக்கு நாலு ஷீட்டு கூடுதலா வாங்கினேன்."
நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றது.
"யாருக்க ஷீட்டுடே?"
அவன் சிரித்த சிரிப்பு
கீழத்தோட்டம் வரை கேட்டிருக்கும்.

கீழத்தோட்டத்து வெட்டுக்காரன் எபனேசர்தான்
கூண்டில் நின்றான்.
முதலாளி தோட்டத்தை விற்றபிறகு வேலை இல்லாதவன்.
எடுத்தது அவன்தான். எனக்குத் தெரியும்.
அவனுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.
அவனுக்க வக்கீல் சின்னப்பெண்,
மார்த்தாண்டத்துக்காரி.
தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள்:
"படுக்கை விரிப்பு பன்னிரண்டு.
வெள்ளை நிறம், நாள்பட்டதால் மஞ்சளானது.
சரிதானா?"
நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.
"உங்க வீட்டுல கட்டில் எத்தனை?"
"ஒண்ணு."
"ஒரு கட்டிலுக்குப் பன்னிரண்டு விரிப்பா அம்மா?"
கோர்ட் முழுக்கச் சிரித்தது.
டவாலி சிரித்தான்.
ஃபேன்கூட ஒரு நொடி தடுமாறிச் சுற்றியது.
சிரிக்காதவர்கள் இரண்டு பேர்,
எபனேசரும் நானும்.

ரப்பர் ஷீட்டு என்று சொல்லியிருக்கலாம்.
ரப்பர் என்று ஒரு வார்த்தை.
ஆனால் யார் வீட்டில்
சோற்றை அரிசிச் சோறு என்று சொல்கிறார்கள்?
எழுதப்பட்ட பொருள் களவு போகவில்லை;
களவு போன பொருள் எழுதப்படவில்லை.
போகலாம் என்றார்கள்.
தக்கலை பஸ் ஸ்டாண்டில் அவனும் நானும்
ஒரே பஸ்ஸுக்கு நின்றோம்.
அவன் முன்வாசலில் ஏறினான்.
நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள்
விடியற்காலை வெட்டுக்கு இறங்கும்போது
வாசற்படியில் ஒரு பொதி காலில் தட்டியது.
விளக்கைக் குனித்துப் பார்த்தேன்.
திங்கள்சந்தைக் கடையின் பை.
உள்ளே ஒரு படுக்கை விரிப்பு,
நீலப்பூ போட்டது, விலைச்சீட்டைக் கிழித்தது.
தீப்பெட்டி அட்டையில் பென்சிலால்:
ஏட்டு எழுதின கணக்குப்படி ஒண்ணு.
மிச்சம் பதினொண்ணு பைய.

கோபப்படத்தான் நினைத்தேன்.
ஆனால் சிரிப்பு வந்துவிட்டது,
அந்த இருட்டில், மரங்களுக்கு நடுவே,
கத்தியும் கையுமாய் தனியாக.

கஞ்சி வாசம் போக ஒருதடவை அலசினேன்.
அதே கயிற்றில் போட்டேன்,
அன்றைக்கு ஓட்டிய நாலுக்குப் பக்கத்தில்.
காற்றில் அது மட்டும் படபடத்தது.
மற்றவை நீர் சொட்டிக்கொண்டு
புளித்த வாடையோடு கனத்துத் தொங்கின.
வேலிக்கு அப்பாலிருந்து மேரிபுஷ்பம் கேட்டாள்:
"எக்கா, ஷீட்டு காய்ஞ்சாச்சா?"

"எது?" என்றேன்.